அடுத்த விஷயம்

வரதராஜாவின் தலை குனிவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை றிஃப்னாவுக்கு நேற்று இன்று வந்ததில்லை. மூன்று வருடமாக அந்த ஆசையோடுதான் அவள் படுத்தாள், எழும்பினாள். மொனாஷ் நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்கிற காலை நேரங்களில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனதுக்குள் அவரோடு சண்டை பிடிப்பாள். தொழுதுவிட்டுக் கையேந்தினால், மன்னிக்கிற மனதைத் தா என்று கேட்க மட்டும் வாய் வராது. கேட்காமலே எழும்பிவிடுவாள். வாயால் அவரை அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகியவள். மனதுக்குள் எப்போதோ 'அவன்' ஆக்கிவிட்டாள்.

டண்டினொங் தெற்கில் இருக்கிறது அவர்கள் இரண்டு பேரும் வேலைசெய்த தொழிற்சாலை. மரக்கறியைக் கழுவி, வெட்டி, பொதிசெய்து சுப்பர்மார்க்கெட்டுகளுக்கு அனுப்புவார்கள். தரமும் பாதுகாப்பும் றிஃப்னாவின் பொறுப்பு. உற்பத்தி முழுக்க வரதராஜாவின் கையில். மன்னாரில் பிறந்தவளுக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கும் நடுவில் தமிழ் இருந்தது. ஆரம்பத்தில் அது ஒரு தைரியமாகக்கூட இருந்தது அவளுக்கு.

அந்த நாட்களில் வருடத்துக்கு ஒருமுறை முகாமைத்துவ மீளாய்வுக் கூட்டம் நடக்கும். எல்லோரும் ரிவியூ என்பார்கள். சான்றிதழைப் புதுப்பிக்க வெளியிலிருந்து பரிசோதகர் வருவதற்குச் சற்று முன்னால், அவருக்குக் காட்டுவதற்கென்றே வைக்கப்படுகிற கூட்டம் அது. மேல்மாடியில் கம்பளம் விரித்த அறை, கோப்பி, சொக்லெட் பிஸ்கட். திரையில் கட்டங்கள் வரும், எல்லாக் கட்டமும் பச்சை நிறத்தில் இருக்கும். யாராவது சிவப்பான கதை ஒன்றைத் தொடங்கினால் வரதராஜா பேனையால் மேசையில் தட்டி, அடுத்த விஷயத்துக்குப் போவோம் என்பார். போய்விடுவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான் றிஃப்னா வெட்டுகிற மெஷினைப் பற்றிச் சொன்னாள். அதன் கதவைத் திறந்தால் உள்ளே சுழல்கிற வெட்டும் அலகு உடனே நிற்கவேண்டும். அதற்காகக் கதவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. யாரோ அந்தச் சுவிட்சைப் பிளாஸ்டிக் நாடாவால் கட்டுப்போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தாலும் அலகு சுழன்றது. கரட் சிக்கினால் மெஷினை நிறுத்தாமலே தட்டிவிடலாம், நேரம் மிச்சம். கட்டை அறுக்கும்வரை அந்த லைன் ஓடக்கூடாது என்று அவள் சொன்னாள். வரதராஜா பேனையால் தட்டினார். அடுத்த விஷயம். பக்கத்தில் இருந்த வெயின், மெஷின்களைப் பராமரிக்கிற மனிதன், தன் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அதிக நாள் போகவில்லை. அந்த மெஷினில் நின்றவர் யோகா. முல்லைத்தீவிலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே வந்து முதல் முதலாகக் கிடைத்த நிரந்தர வேலை அவவுக்கு அது. சிக்கிய கரட்டை எடுக்கக் கதவைத் திறந்து கையை விட்டா. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அரசாங்கத்திலிருந்து விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது சுவிட்சில் கட்டு எதுவும் இல்லை. மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது, தொழிலாளிதான் அவசரப்பட்டுவிட்டா என்றார் வரதராஜா. பாதுகாப்புக்குப் பொறுப்பான பெண் இப்படியொரு ஆபத்தைப் பற்றித் தங்களிடம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். கூட்டக் குறிப்பில் அவள் சொன்னது இருக்கவில்லை. குறிப்பு எழுதியது அவருடைய அலுவலகம். வெயினிடம் கேட்டார்கள். தனக்கு ஞாபகம் இல்லை என்றான்.

றிஃப்னாவை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை ஆறியிருப்பாள். வரதராஜா தமிழ்ச் சங்கக் கமிட்டியில் இருந்தவர், எந்தக் கலியாணத்திலும் முன்வரிசையில் இருப்பவர். போகிற இடமெல்லாம், பாவம் யோகா, பாதுகாப்புப் பார்த்த அந்தப் பிள்ளையின் கவனயீனத்தால் கை போச்சு என்று சொன்னார். கேட்டவர்களும் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு விருந்தில் றிஃப்னா போய் இருந்த மேசையிலிருந்து ஒரு பெண், தெரியாதமாதிரி, கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி வேறு மேசைக்குப் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், புருஷன் நஸ்மி கூப்பிடக் கூப்பிட, போய்ப் படுத்துவிட்டாள். அந்த மேசையில் வெறுமையாகிப்போன கதிரை அவள் நெஞ்சில் அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது யோகாகூடச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா. ஆனால் பிறகு அவதான் ஃபோன் எடுத்தா. "அந்தக் கட்டை நான் என்ர கண்ணால கண்டனான் பிள்ளை. விசாரிச்சவைக்குச் சொன்னன், அவை நம்பேல்லை. பிழை உம்மில இல்லையெண்டு எனக்குத் தெரியும்," என்றா. அதிலிருந்து றிஃப்னா நோபிள் பார்க்கில் இருக்கிற யோகா வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினாள். இரண்டு பேரும் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி வரதராஜாவைத் திட்டுவார்கள். திட்டுவதில் யோகாதான் கெட்டிக்காரி.

பிறகு, எதிர்பாராமல், சிட்னிக் கம்பனி ஒன்று தொழிற்சாலையை வாங்கியது. புதிதாக வந்த ஜெனரல் மனேஜரின் பெயர் பிரிஜிட். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிய, குரல் உயர்த்தாத பெண். தரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆள் தேவை என்று விளம்பரம் வந்தபோது றிஃப்னா விண்ணப்பித்தாள். முன்னர் இங்கே வேலைசெய்தாயே, ஏன் போனாய் என்று நேர்முகத்தில் பிரிஜிட் கேட்டாள். இங்கே கூட்டங்கள் சரியில்லை என்றாள் றிஃப்னா. அப்படியென்றால் வந்து சரியாக நடத்து என்றாள் பிரிஜிட்.

முதல் நாள் வரதராஜா கையை விரித்துக்கொண்டு வந்து வரவேற்றார். தங்கச்சி பழையபடி வந்திட்டா, இனி எங்களுக்கு நித்திரை இல்லை என்று எல்லோரும் கேட்கச் சிரித்தார். றிஃப்னாவும் சிரித்தாள். நித்திரை இல்லை என்பதை மட்டும் உண்மையாக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

பழிவாங்க அவள் தேர்ந்தெடுத்த ஆயுதம் அந்த ரிவியூதான். அதை ஒழுங்காக நடத்துவது என்று தீர்மானித்தாள், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை என்றிருந்ததை மாதாமாதம் ஆக்க பிரிஜிட்டைச் சம்மதிக்க வைத்தாள். பிஸ்கட்டை நிறுத்தினாள். பேசவேண்டியதெல்லாம் ஒரு வாரம் முன்னாலேயே எல்லோர் கைக்கும் போய்விடும். வாசிக்காமல் வருகிறவர் எல்லோர் முன்னாலும் வாசிக்காமல் வந்தவராகத் தெரிவார். கூட்டம் தொடங்கினால் முதலில் போன முறை முடியாமல் கிடந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆள் பொறுப்பு. நாங்கள் எல்லோரும் சேர்ந்து என்ற பேச்சுக்கு இடமில்லை. முடிந்தது என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் அதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். காணாதவரை அது முடியவில்லை.

முதல் கூட்டத்தில் வரதராஜா கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் பேனையைக் கையில் எடுத்தார், ஆனால் தட்டுவதற்கு இடம் கிடைக்கவில்லை. குளிர் அறைக் கதவு, கழுவுகிற தண்ணீர்ப் பரிசோதனை, புது ஆட்களுக்குப் பயிற்சி, எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்றார். நடந்துகொண்டிருப்பதை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று றிஃப்னா பணிவாகக் கேட்டாள். அவர் கழுத்து சிவந்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் காகிதங்களைப் புரட்டினார்கள். அன்று காரில் போகும்போது றிஃப்னா பாட்டுப் போட்டுக் கேட்டாள். வெகுநாளைக்குப் பிறகு.

கழுத்துச் சிவந்தது போதாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலை பிந்தியதற்காக ஒரு மனிதனை யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள்.

மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, அவள் லைன் பக்கமாக நடந்துபோனாள். வெட்டுகிற மெஷினில் சுஜீதன் நின்றான். இரண்டு சின்னப் பெண்குழந்தைகளின் தகப்பன், வேலைக்கு வந்து அதிக காலமாகவில்லை. கரட் சிக்கிக்கொண்டது. அவன் கதவைத் திறந்தான். அலகின் இரைச்சல் நிற்கவில்லை. அவன் ஒரு பிளாஸ்டிக் கரண்டியால் கரட்டைத் தட்டிவிட்டுக் கதவை மூடினான். றிஃப்னா கிட்டப் போய்ப் பார்த்தாள். சுவிட்சில் மஞ்சள் நிறத்தில் புதுக் கட்டு.

அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. முதலில் பயத்தால். அடுத்த நிமிடம், அவளே எதிர்பாராத மாதிரி, சந்தோஷத்தால்.

பக்கத்துத் தூணில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் லைன் நின்றுவிடும். பிறகு நடக்கப்போவதும் அவளுக்குத் தெரியும். வெயின் குறட்டோடு ஓடிவருவான், கட்டு அறுபடும். துப்புரவு செய்கிற யாரோ ஒரு பாவப்பட்ட ஆளின் தலையில் வரதராஜா அதைக் கட்டிவிடுவார். செவ்வாய்க்கிழமை ரிவியூவில் அது முடிந்துபோன ஒரு கதையாக இருக்கும். அடுத்த விஷயம்.

அவள் பொத்தானை அமத்தவில்லை. சுஜீதனிடம், கவனம் தம்பி, கையை உள்ளுக்கு விடாதையும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஏதாவது சாட்டுச் சொல்லி லைன் பக்கம் போய் நின்றாள். பெட்டிகளின் லேபிளைப் பார்ப்பதுபோல் நின்று அவன் கைகளைப் பார்த்தாள். சனி ஞாயிறு லைன் ஓடாது. அந்த இரண்டு நாளும் சாப்பாடு இறங்கியது. திங்கட்கிழமை ஓடர் அதிகம். கரட் அடிக்கடி சிக்கியது, அவன் அடிக்கடி திறந்தான். ஒவ்வொரு தரமும் அவள் அவன் விரல்களை எண்ணினாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு பொறுத்தாயிற்று, நாளைக்குத்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை கூட்டம் மேல்மாடி அறையில் தொடங்கியது. முடியாமல் கிடந்தவற்றில் ஒன்று மெஷின்களின் பாதுகாப்புக் கதவுகள். பொறுப்பு வரதராஜா. எல்லாம் பரிசோதித்தாகிவிட்டது, எல்லாம் சரி, இதை மூடிவிடலாம் என்றார் அவர். யார் பார்த்தது என்று பிரிஜிட் கேட்டாள். தானே பார்த்ததாகச் சொன்னார்.

றிஃப்னா கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினாள். அப்படியென்றால் நாங்களும் போய்ப் பார்த்துவிட்டு மூடுவோம் என்றாள்.

எல்லோரும் வெள்ளைக் கோட்டும் முடி விழாமல் தலைவலையும் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். படியில் வரதராஜா அவளுக்குப் பக்கத்தில் வந்து, இதெல்லாம் என்ன விளையாட்டு தங்கச்சி என்று மெல்லக் கேட்டார். அவள் அவரைத் தாண்டி இறங்கினாள். வெட்டுகிற மெஷினுக்கு முன்னால் போய் நின்று, சுஜீதனை ஒரு பக்கமாக விலகச் சொன்னாள். பிறகு திரும்பி, கதவை நீங்களே திறந்து காட்டுங்கள் என்று வரதராஜாவிடம் கேட்டாள்.

அவர் கை கைப்பிடி வரைக்கும் போய் நின்றது. பிரிஜிட், திறவுங்கள் என்றாள். திறந்தார். அலகு தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது.

பிரிஜிட்தான் தூணிலிருந்த பொத்தானை அமத்தினாள். இரைச்சல் அடங்கி, லைன் முழுவதும் அமைதியானது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள். இன்றைக்கு யாரோ செய்த வேலை, கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கிறேன் என்றார் வரதராஜா. குரலில் பழைய உறுதி இருந்தது. அப்போதுதான் வெயின் பேசினான்.

அவன் யாரையும் பார்க்காமல், அந்த மஞ்சள் கட்டைப் பார்த்தபடி பேசினான். இது இன்றைய வேலையில்லை என்றான். மூன்று வருடத்துக்கு முன்னரும் இப்படித்தான் இருந்தது, றிஃப்னா கூட்டத்தில் சொன்னாள், தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னான். லைனை நிறுத்த வேண்டாம் என்று தனக்குச் சொன்னவர் வரதராஜா. அம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போதே கட்டை வெட்டி எறியச் சொன்னவரும் அவர்தான். வெட்டி எறிந்தது தான்தான். சொல்லி முடித்ததும் அவன் தலைவலையைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டான்.

உண்மையா என்று பிரிஜிட் கேட்டாள்.

வரதராஜா வெயினைப் பார்த்தார், பிரிஜிட்டைப் பார்த்தார், கடைசியில் றிஃப்னாவைப் பார்த்தார். அந்த நேரம் ஓடர் அதிகமாக இருந்தது என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். லைனில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். றிஃப்னா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

மத்தியானத்துக்குள் அவருடைய அடையாள அட்டையை வாங்கிவிட்டார்கள். விசாரித்தவர்களிடம் பழைய விபத்தைப் பற்றித் திரும்பப் பேசவேண்டும் என்று பிரிஜிட் ஃபோன் எடுத்தாள். றிஃப்னா கார் நிறுத்துமிடத்துக்குப் போனபோது வரதராஜா ஒரு காட்போட் பெட்டியோடு தன் காருக்குப் பக்கத்தில் நின்றார். போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, ரெண்டு பிள்ளையளும் இன்னும் யூனிவர்சிற்றியில. நீர் பிரிஜிட்டோட ஒருக்கால் கதைச்சால் நானாய் விலகினது எண்டு எழுதுவினம். நாங்கள் எல்லாம் ஒரு பாஷை பேசிற சனம்."

இந்தக் குரலைக் கேட்கத்தான் அவள் மூன்று வருடம் காத்திருந்தாள். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஆனால் சொன்னது கொஞ்சம்.

"என்னை வேலையால அனுப்பேக்க எனக்கும் பிள்ளையள் இருந்தவை அண்ணை. சனத்துக்கு என்னைப்பற்றி அதே பாஷையிலதான் சொல்லித் திரிஞ்சனீங்கள். போயிட்டு வாங்கோ."

நேரே யோகா வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

யோகா குசினியில் இடது கையால் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. விஷயத்தைக் கேட்டதும் கையைக் கழுவிவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டா. முதலில் இருந்து சொல்லும் என்றா. றிஃப்னா சொன்னாள். படியில் இறங்கியது, கதவைத் திறக்கச் சொன்னது, வெயின் பேசியது. யோகா இடையிடையே நிறுத்தி விபரம் கேட்டா. அவர் முகம் எந்த நேரத்தில் மாறியது, கண் கலங்கியதா, லைனில் யார் யார் பார்த்தார்கள். தலைகுனிந்த இடத்தை இரண்டு தரம் சொல்லவைத்தா. இரண்டு பேரும் சிரித்தார்கள். யோகாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. விரல்கள் போன கையால் துடைத்துக்கொண்டா.

பிறகு தேத்தண்ணி ஊற்றும்போது சும்மா கேட்கிறமாதிரிக் கேட்டா.

"கட்டுப் போட்டிருக்கெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வியாழக்கிழமை கண்டனான்."

யோகா கேத்தலை வைத்தா.

"வியாழக்கிழமை கண்டிட்டு இண்டைக்கோ சொன்னனீர்? அந்த மெஷினில ஆர் நிண்டது?"

றிஃப்னா பெயரைச் சொன்னாள். பக்கத்திலேயே நின்று கவனித்ததாகவும், கையை விடாதே என்று எச்சரித்ததாகவும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகள் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டன. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வரதராஜா தப்பியிருப்பான் என்றாள். யோகா அவளை இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேசைமேல் வலது கையை வைத்தா. காட்டவேண்டும் என்று வைத்ததாகத் தெரியவில்லை. எப்போதும் அப்படித்தான் வைப்பா.

"அவனைப் பிடிக்கிறதுக்கு அந்தப் பொடியனைத் தூண்டில் கொக்கியில குத்தி விட்டிருக்கிறீர், பிள்ளை," என்றா. "ஒண்டும் நடக்கேல்லை, சரி. எனக்கும்தான் அண்டைக்குக் காலமை வரைக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

பிறகு எழும்பிப் புட்டை அவிக்கப் போட்டா. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னா. றிஃப்னா சாப்பிட்டாள்.

அடுத்த மாத ரிவியூவுக்கு முன்னால் அவள் சுஜீதனை வெளியே கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னாள். வியாழக்கிழமையே தனக்குத் தெரியும், தெரிந்தும் அவனை அதில் நிற்க விட்டதாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவன் முகம் இறுகியது. கையுறையைப் போட்டுக்கொண்டு லைனுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அவளுக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை.

கூட்டத்தில் முதல் விஷயமாக அதையே வைத்தாள். ஆபத்தைக் கண்டவர் கண்ட இடத்திலேயே லைனை நிறுத்தவேண்டும், ரிவியூ வரும்வரை வைத்திருக்கக்கூடாது. ஏன் இந்த விதி என்று பிரிஜிட் கேட்டாள். தன்னால் என்றாள் றிஃப்னா, காரணத்தையும் சொன்னாள். கணக்காளர் இருமினார். வெயின் அவளைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். பிரிஜிட் குரலை உயர்த்தவில்லை. பொத்தானை நீ அமத்தியிருக்கவேண்டும், அதற்குப் பிறகும் அவரைப் பிடிக்க ஆயிரம் வழி இருந்திருக்கும் என்றாள். றிஃப்னாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இன்னொருமுறை என்றால் வேலை இல்லை. அவள் ஏற்றுக்கொண்டாள்.

போன சனிக்கிழமை நஸ்மியின் சிநேகிதன் வீட்டில் ஒரு விருந்து. வரதராஜாவை அங்கே கண்டாள். ஆள் மெலிந்துபோயிருந்தார். கிளேட்டன் பக்கத்தில் ஏதோ களஞ்சியசாலையில் இரவு வேலை என்று யாரோ சொன்னார்கள். முன்வரிசை இல்லை, ஓரமாக இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. பாவம் என்று நஸ்மி சொன்னான்.

றிஃப்னா பார்த்தாள். சுஜீதனை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கும், அது வேறு. வரதராஜாவைப் பார்த்து அவளுக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை. இன்னொரு கரண்டி பிரியாணி போட்டுக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே போய் இருந்து, ஆற அமரச் சாப்பிட்டாள்.